உன் காவலாளிக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதையை ஒரே மூச்சில் படித்தேன். அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நாயகனாக்கியது நல்ல துணிச்சல். முதல் பாதியில் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால், இடைவேளைக்கு முன்னால் அவன் நாலு அடியாட்களைப் புரட்டி எடுக்கிறானே, அந்த இடத்தில் அவன் வாட்ச்மேனாக இல்லை. இன்னொரு ஹீரோவாகிவிட்டான்.

‘மண்டேலா’வை மறுபடி பார். 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு நேராகத் தொலைக்காட்சிக்கு வந்த படம். மடோன் அஷ்வினுக்கு முதல் படம் அது. அறிமுக இயக்குநர், வசனம் என இரண்டு தேசிய விருதுகளை வாங்கிக் கொடுத்தது. யோகி பாபு அதில் மரத்தடியில் முடிவெட்டுகிறவர். வீட்டுக்குள் கூப்பிட்டாலும் கொல்லைப்புறமாகத்தான் வரச் சொல்வார்கள். ஊர் அவரை இளிச்சவாயன் என்கிறது. சொந்தப் பெயர்கூடக் கிடையாது. சொந்தமாக ஒரு சலூன் வைக்கவேண்டும், ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசை கதையை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது, கவனி. சலூனுக்குச் சேர்த்த காசைப் போட அஞ்சலகத்தில் கணக்கு வேண்டும். கணக்குக்குப் பெயர் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி நெல்சன் மண்டேலா என்று வைக்கிறாள். பெயர் வந்ததும் அடையாள அட்டை, அதன் பின்னாலேயே ஓட்டு. ஊராட்சித் தேர்தலில் மோதும் இரண்டு சாதித் தரப்புக்கும் ஓட்டு சமமாக நிற்க, அந்த ஒற்றை ஓட்டுக்காக ஊரே அவர் காலைச் சுற்றுகிறது. எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இரண்டு பக்கமும் வாரிக் கொடுக்கும்போது அவர் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார் பார், அந்தச் சபலத்தை எழுதத்தான் தைரியம் வேண்டும். அதை எழுதியதால்தான், பிற்பாடு தனக்கென்று கேட்பதை விட்டு ஊருக்காக அவர் கேட்கும்போது நாம் நம்புகிறோம்.

இன்னொன்று. யோகி பாபுவின் முடியையும் உடம்பையும் கிண்டலடித்தே எத்தனையோ படங்கள் சிரிப்பு வாங்கின. இதில் சாதிக்காக அடித்துக்கொள்ளும் ஊரைப் பார்த்துச் சிரிக்கிறோம். உன் கதையில் வாட்ச்மேனின் திக்குவாயை வைத்து மூன்று காட்சி இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிடு. அவனை வாசலில் நிற்கவைத்துவிட்டு, லிஃப்டில் ஏறவிடாத அசோசியேஷன் செயலாளர் இருக்கிறாரே, அவரை விரிவாக எழுது. நகைச்சுவை அவரிடம் கொட்டிக் கிடக்கிறது.

சண்டைக் காட்சியையும் வெட்டு. அந்த மனிதனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. தயாரிப்பாளரை அதன் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்