தலைப்புச் செய்தியும் சர்வே நம்பரும்

மனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! “நாடெங்கும் வீட்டு விலை ஏறுமுகம்” என்று காலையில் டிவியில் ஓடினால், மதியத்துக்குள் மனைக்காரர் போன் போட்டு சென்ட்டுக்கு விலையைக் கூட்டுவார். “ரியல் எஸ்டேட் சரிவு” என்று வந்தால், வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். இரண்டு நேரத்திலும் நிதானமாக நின்று பேசக் கீழே உள்ள குறிப்புகள் உதவும்.

1. செய்தி எந்த ஊரைப் பற்றியது என்று முதலில் பாருங்கள். நாடு தழுவிய அறிக்கைகள் பெரும்பாலும் ஏழெட்டுப் பெருநகரங்களின் கணக்கு. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடே பல ஆண்டுகள் 10 நகரங்களை வைத்துத்தான் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தது சென்னை மட்டும். மணப்பாறைக்காரருக்கும் பல்லடத்துக்காரருக்கும் அதில் பதில் கிடையாது.

2. எந்தச் சொத்தைப் பற்றியது என்றும் பாருங்கள். அந்த அறிக்கைகள் பேசுவது பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டைப் பற்றி. நம் சிற்றூர்களில் கைமாறுவது பெரும்பாலும் காலி மனை. இரண்டுக்கும் சந்தை வேறு, வாங்குபவர் வேறு.

3. நம் மாநிலத்து உத்தரவுகளைத் தேதியோடு மனதில் வையுங்கள். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பால் மனை வியாபாரம் படுத்தது என்று நாடே பேசியது. நம் ஊரிலோ அதற்கு இரண்டு மாதம் முன்பே, செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. பஞ்சாயத்து அப்ரூவலை நம்பி மனை வாங்கியவர்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாமல் தவித்தார்கள். 2017-ல் அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதே ஆண்டு ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்தது. பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமானது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு ஏறி, கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. கிரையச் செலவை மாற்றுபவை இவைதான்.

4. தேசியச் செய்தியில் தவறவிடக் கூடாதது வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமானது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய யாரும், எந்த ஊரில் இருந்தாலும், அதிலிருந்து தப்பவில்லை.

5. சொல்லும் விலையை விட்டுவிட்டுப் படிந்த விலையைத் தேடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். சமீபத்துக் கிரையங்கள் வரிசையாக வரும். ஆனால் பத்திரத்தில் எழுதிய தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும். ஆகவே விற்றவரையும் வாங்கியவரையும் தனித்தனியே நேரில் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் அதுதான் அந்தத் தெருவின் விலை.

6. மழைக்காலத்தில் மனையைப் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாட்டைச் சென்னையின் சராசரி விலை காட்டாது. பக்கத்து வீட்டம்மாவிடம், “தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சும்மா?” என்று கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே லேஅவுட்டில் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்பது அப்போது புரியும்.

7. தலைப்புச் செய்தியைக் காட்டி யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். “இப்ப விட்டா கிடைக்காது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி, வளைகுடாவில் உழைத்த காசையும் மனைவியின் நகையையும் கொண்டுவந்து வைப்பார்கள். அட்வான்ஸ் வாங்கும் முன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் எண் நான்கையும் வாங்குபவர் கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதமானால் ஆகட்டும். அப்படி வாங்கியவர்தான் தன் தம்பியையும் உங்களிடம் அனுப்புவார்.