படிக்கட்டைப் பார்த்ததோடு திரும்பிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

சார்லஸ்டனில் நத்தானியேல் ரஸ்ஸல் வீட்டைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. தாங்கும் தூண் ஒன்றுகூட இல்லாமல் முட்டை வடிவில் மூன்று தளம் சுழன்று ஏறும். ஒவ்வொரு படியும் தன் சுமையை அடுத்த படியில் இறக்கி நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை பார்க்கத் தோன்றும். பார். ஆனால் எல்லாரும் படமெடுக்கும் அந்த இடத்தில் நீ செல்போனைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலை எடு. வளைவு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதைக் கை வரைந்தால்தான் மனம் பிடித்துக்கொள்ளும்.

வழிகாட்டி பேசும்போது கூட்டத்தின் கடைசியில் நில். எல்லாரும் அடுத்த அறைக்கு நகர்ந்தபின் கிடைக்கும் அரை நிமிடம்தான் உன்னுடையது. ஒவ்வொரு தளத்திலும் முன்னால் நீள்சதுரம், நடுவில் முட்டை வடிவம், பின்னால் சதுரம் என்று அறைகள் அமைந்திருக்கும். இந்த வீட்டின் ஃபெடரல் பாணி என்றதும் மெல்லிய சுதைவேலையை மட்டும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, வெவ்வேறு வடிவ அறைகளை ஒரே செங்கல் உறைக்குள் பொருத்திய சாமர்த்தியம்தான் பெரிது. வளைந்த சுவரும் நேர்ச்சுவரும் சந்திக்கும் மூலைகளில் மீந்த இடம் என்ன ஆயிற்று என்று தேடு.

இனி நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த வீடு 1808இல் முடிந்தது. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வியாபாரத்திலும் பணம் பார்த்தவர் வீட்டின் சொந்தக்காரரான ரஸ்ஸல். பின்னால் இருக்கும் சமையல் கட்டிடத்தில் அடிமைகள் வேலை செய்தார்கள், அங்கேயே குடியும் இருந்தார்கள். அதன் சுவர்களுக்குள் எலிகள் கட்டிய கூடுகளை ஆய்வாளர்கள் பிரித்தபோது, எழுத்துக் கற்கும் பாடப்புத்தகத்தின் கிழிந்த துண்டு கிடைத்தது. அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதைச் சார்லஸ்டன் இருக்கும் தென் கரோலினா மாநிலம் 1834இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. யாரோ ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது, அந்தப் படிக்கட்டைவிட அந்தச் சுவர்தான் என்னை உலுக்குகிறது.

ஆகவே கீழ்த்தளத்து முட்டை வடிவச் சாப்பாட்டு அறையில் நிற்கும்போது, சோறு எந்த வழியாக வந்தது என்று கேள். தண்ணீர் யார் தூக்கினார்கள், விறகு எந்தக் கதவால் நுழைந்தது என்றும் கேள். கட்டிடக்கலை படித்தவன் அதைக் கேட்காவிட்டால் அவன் பார்த்தது வீட்டின் முகப்பை மட்டும்தான்.

ஒரு வேலை தருகிறேன். சாப்பாட்டு அறையிலிருந்து சமையலறை அடுப்புவரை எத்தனை அடி வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுது. நான் போனபோது படிக்கட்டை நான்கு பக்கம் வரைந்தேன். அந்தத் தூரத்தை நடந்து பார்க்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்