மேடையில் யார் வாசிப்பது?

ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

சின்னவனுக்குப் பெரியப்பா எழுதுவது.

ரிட்டையர் ஆகிற சூப்பர்வைசருக்கு வாழ்த்து மடல் எழுதும் வேலை உன் தலையில் விழுந்ததையும், ‘நல்ல கம்யூனிகேட்டர்’ என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று நீ தேடுவதையும் உங்கம்மா சொன்னாள். மேடையில் அதை வேறொருவர் வாசிக்கப் போகிறாராம். ஏன் என்று பெரியப்பா கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிறது.

முதலில், நீ தேடுகிற அந்தச் சொல்லைப் பார்ப்போம். நாவலர் என்றால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்தான். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம் அவர் பெயராகவே ஆகிவிட்டது. சொல்லின் செல்வன் என்று கம்பரின் ராமன் அனுமனைச் சொன்னான். பிற்பாடு அந்தப் பட்டம் ரா.பி. சேதுப்பிள்ளைக்கு வந்தது. சீனிவாச சாஸ்திரியை வெள்ளி நாக்குக்காரர் என்றார்கள். இவர்களெல்லாம் ஊரறிந்த நாவன்மைக்காரர்கள். உங்கள் சூப்பர்வைசர் மைக்கையே தொட்டதில்லை என்கிறாயே!

அவருக்கு நம் சுரங்கத்துப் பாடம்தான் பொருந்தும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கீழே இருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? சுரங்கம் ஓடிய நாளில், ஆட்கள் கூண்டில் ஏற வேண்டுமென்றால் மூன்று மணி அடிப்பார்கள். பதிலுக்கு மூன்று மணி வந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார்கள். ஓடுகிற கூண்டுக்கு ஒரு மணி அடித்தால், நில் என்று அர்த்தம். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்து தெரிந்துகொள்கிறவனே சொல்லத் தெரிந்தவன். ஆகவே, ‘எடுத்துச் சொல்வதிலும் காதுகொடுத்துக் கேட்பதிலும் கெட்டிக்காரர்’ என்று எழுது. போதும்.

இனி, யார் வாசிப்பது?

உன் அப்பா கல்யாணத்தில் ஒரு மெட்ராஸ் சொந்தக்காரர் நம் பேச்சைக் கேட்டு, தெலுங்கும் கன்னடமும் கலந்த கதம்பம் என்று சிரித்தார். அன்றைக்கு மூடிய வாயை உன் அப்பா வெளியூர்க்காரர் முன்னால் இன்றுவரை திறக்கவில்லை. சிரித்தவர் சௌக்கியமாக இருக்கிறார். நம் ஊர்த் தமிழ் ஒன்றும் குறைந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகைக்கு இங்கே மாரிக்குப்பத்தில் வாசகர்கள் இருந்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அப்பாதுரையார் ‘தமிழன்’ பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பத்திரிகை நடத்திய ஊர்க்காரனுக்கு மைக் முன்னால் என்ன கூச்சம்?

உன் மடல், உன் இஷ்டம். வேறொருவர் வாசித்தாலும் சூப்பர்வைசர் சந்தோஷப்படுவார், கைதட்டலும் வரும். அது வாசித்தவருக்குப் போகும், அவ்வளவுதான். நீ வாசித்தால் அவர் முகத்தை நேரில் பார்ப்பாய். யோசித்துச் செய். பெரியப்பா வற்புறுத்தவில்லை.

“பிள்ளையிடம் வாத்தியார் வேலை பார்க்காதீங்க” என்று பெரியம்மா சத்தம் போடுகிறாள். நியாயம்தான். நீ தங்கமான பிள்ளை. உனக்குப் புத்தி சொல்ல ஒன்றுமே இல்லை. விழாவுக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொள், பணம் பெரியப்பா அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கே வந்துவிடுகிறேன். மட்டன் குழம்பு உண்டு. மடலையும் எடுத்து வா. வாசிக்க வேண்டாம், சும்மா கொண்டு வா.

ஆசிகளுடன்,
பெரியப்பா