ஹட்சன் சர்க்கிள்

பெங்களூர் மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால் ஒரு பெரிய சந்திப்பு இருக்கிறது. பல சாலைகள் அங்கே கூடுகின்றன. பெயர் ஹட்சன் சர்க்கிள். அங்கே கெம்பே கவுடாவின் சிலை நிற்கிறது.

யார் இந்தக் கெம்பே கவுடா? எலகங்காவை ஆண்ட சிற்றரசர். விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்டவர். 1537ஆம் ஆண்டு மண்கோட்டை கட்டி, பெங்களூர் நகரத்தைத் தொடங்கியவர். ஒரு நாற்சந்தியில் நான்கு ஏர் பூட்டி, நான்கு திசையிலும் ஓட்டச் சொன்னாராம். ஏர் போன தடமே தெருவாகியது என்பார்கள். தெருக்களில் தொழில்கள் பெருகின. அரிசிக்கு அக்கிப்பேட்டை. குயவர்களுக்குக் கும்பாரப்பேட்டை. இந்தப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அவர் காலத்துத் தர்மாம்புதி ஏரிதான் இல்லை. அந்த ஏரி இருந்த இடத்தில்தான் மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது!

சிலை வருவதற்கு முன்பு, இந்தப் பக்கத்தில் உயரமான கல்தூண் ஒன்று நின்றது. 1791இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைத் தாக்கினார். அது திப்பு சுல்தானின் கோட்டை. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு இறந்தார். ஆங்கிலேயர் பக்கம் இறந்தவர்களுக்காக எழுப்பியதுதான் அந்தத் தூண். ஆனால் ஆங்கிலேயர் படையில் வெள்ளைக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? மதராஸ் படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் நம் ஊர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சம்பளத்துக்காகப் போர் செய்தவர்கள்.

உடல் புதைக்காத இடத்தில் எழுப்பும் நினைவுச் சின்னத்தை ஆங்கிலத்தில் செனடாப் என்பார்கள். அதனால் அங்கிருந்த சாலைக்குச் செனடாப் ரோடு என்று பெயர். இன்று அது நிருபதுங்கா ரோடு. சென்னை தேனாம்பேட்டையிலும் ஒரு செனடாப் ரோடு உண்டு. அதே கார்ன்வாலிசுக்கு அங்கே ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள்.

நாடு விடுதலை அடைந்தது. "நம்மை அடக்கியவர்களுக்கு நம் ஊரில் எதற்குத் தூண்?" என்று பெங்களூரில் கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். 1964இல் மாநகராட்சி தூணை இடித்தது. அதே ஆண்டு கெம்பே கவுடாவுக்குச் சிலை வைத்தார்கள்.

ஊரை உண்டாக்கியவருக்குச் சிலை வைத்தது சரி. ஆனால் பழைய தூணை இடிக்காமல் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். சென்னையில் அப்படித்தான் செய்தார்கள். கார்ன்வாலிஸ் மண்டபம் இப்போது ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். பெங்களூரில் அந்தத் தூணைப் பார்க்க முடியாது.

சரி, ஹட்சன் யார்? ஜோசையா ஹட்சன் என்ற பாதிரியார். அவரும் ஆங்கிலேயர்தான். பெங்களூரில் கன்னடப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியவர். அவர் நினைவாக 1904இல் கட்டிய தேவாலயம் சர்க்கிள் ஓரத்தில் இருக்கிறது. கெம்பே கவுடா சிலை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், சர்க்கிளை மக்கள் ஹட்சன் பெயரால்தான் அழைக்கிறார்கள்.