பெப் அறிக்கை பிழைக்கும் இடங்கள்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேடும் பெப் பரிசோதனையின் அறிக்கை பிழைத்தால் நுணுக்குக்காட்டியில் இருந்தவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மட்டக்களப்பு ஆய்வுகூடமொன்றில் சிலைட் பார்க்கும் என் அனுபவத்தில், பல பிழைகள் சிலைட் எங்கள் கைக்கு வருமுன்பே புகுந்துவிடுகின்றன.

“மிஸ், தடவ முதல் ஃபேனை நிப்பாட்டுங்கோ.” படுவான்கரைக் கிளினிக்குகளில் இருக்கும் மருத்துவமாதுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தடவிய சிலைட் உடனடியாக 95 வீத அற்ககோலுக்குள் இறங்கி, குறைந்தது 15 நிமிடம் கிடக்க வேண்டும். காற்றில் காய்ந்தால் கலம் தட்டையாகி விரியும். கரு பெருத்து வெளிறும். பிறகு நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று சொல்ல முடியாது.

பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை அற்ககோலில் கரைந்துவிடும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் பதிவிலக்கமும் வேண்டும். இரண்டும் படிவத்தோடு ஒத்துப்போகாவிட்டால், கிளினிக்கில் கேட்டுத் தெளிந்த பின்பே சாயமிடுங்கள்.

மாரியில் அற்ககோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சேர்ந்து சைலீன் பால்போலக் கலங்கினால், அதோடு அதற்கு முந்திய அற்ககோலையும் மாற்றுங்கள். சாயத்தைத் தினமும் வடியுங்கள். ஒருவரின் கலம் மிதந்துபோய் இன்னொருவரின் சிலைட்டில் ஒட்டினால், நோயில்லாதவருக்கு நோயென்று அறிக்கை போய்விடும்.

பெப் அறிக்கைக்கான பெதஸ்டா முறைப்படி, வழமையான சிலைட்டில் தெளிவாகத் தெரியும் செதிட்கலங்கள் குறைந்தது 8,000 இருக்க வேண்டும். சந்தேகக் கலம் எதுவும் இல்லாமல், எண்ணிக்கையும் குறைந்தால் “இயல்பானது” என்று எழுதாதீர்கள். “மாதிரி போதாது” என்று எழுதுங்கள். சுகவனிதையர் கிளினிக்குக்கு நாம் முக்கியமாக அழைப்பது 35, 45 வயதுப் பெண்களை. 35 இல் தவறாக “இயல்பானது” என்று கேட்டுப் போனவர் பத்து வருடம் நிம்மதியாக இருந்துவிடுவார்.

ஆகவே இயல்பானவற்றைத்தான் மீளப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெப் பரிசோதனைக் கூடங்களின் அவசர வேலை 1987 இல் பத்திரிகையில் அம்பலமானது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ், இயல்பானவை என்று தீர்மானித்தவற்றில் குறைந்தது 10 வீதத்தை மீளப் பார்ப்பதும், ஒருவர் நாளுக்கு 100 சிலைட்டுக்கு மேல் பார்க்காமலிருப்பதும் விதியாயின. எங்களைப் போன்ற சிறிய கூடத்திலும் இது முடியும். இரத்தப்போக்கு உள்ளவர்களின் சிலைட்டுகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆளுக்கு முதல் முடிவைக் காட்டாதீர்கள். பயொப்சி முடிவு வேறாக வந்தால் பழைய சிலைட்டை எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள்.

“மாதிரி போதாது” என்று கடிதம் மட்டும் அனுப்பினால் பலர் திரும்பி வரமாட்டார்கள். அந்தப் பகுதி மருத்துவமாதுக்கு அன்றே கோல் எடுங்கள்; வீடு தெரிந்தவர் அவர்தான்.