நகரக் கழிவுநீரும் நமது பயிர்களும்



பதுளு ஓயா பதுளை நகரையடுத்து ஓடித் துன்ஹிந்தையில் வீழ்ச்சியாக விழுந்து, பின்னர் மகாவலி கங்கையுடன் சேருகின்றது. நகரின் கடைவீதிக் கான்களும், மேட்டிலுள்ள தோட்ட லயன்களின் கான்களும் பள்ளத்தை நோக்கியே ஓடுவன. ஆதலால் நகருக்குக் கீழே வயலோ மரக்கறித் தோட்டமோ உடையவர்கள், தமது வாய்க்காலில் வருவது எத்தகைய நீர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

கழிவுநீர் சுத்திகரிக்கப்படும் முறை கடினமானதன்று. முதலிற் குப்பை சல்லடையில் தடுக்கப்படும். பின்னர் நீர் தொட்டியில் அசையாது நிற்க, பாரமான வண்டல் அடியிற் படியும். அதன்பின் காற்றூட்டப்படும்போது பற்றீரியாக்கள் பெருகி, கரைந்துள்ள அழுக்கை உணவாகக் கொள்ளும். செவ்வனே இயங்கும் நிலையத்தில் இவ்வழுக்கில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நீங்கிவிடும். எனினும் கண்ணுக்குத் தெளிவாயிருப்பதால் அது கிணற்று நீராகிவிடாது. குளோரின் பற்றீரியாவைக் கொல்லுமேயன்றி, வட்டப்புழுவின் முட்டையை எளிதில் அழிக்காது. மேலும், நமது சிறு நகரங்களிற் பெரும்பாலானவற்றில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியே இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழிகளே உள. மழைக்காலத்தில் குழி நிரம்பி வழியின், அது கானையே சேரும்.

புழு முட்டைக்கு ஒரு குணம் உண்டு: அது நீரினும் பாரமானது. 8 தொடக்கம் 10 நாள் வரை குளத்தில் தேங்கும் நீரில் முட்டைகள் பெரும்பாலும் அடியிற் படிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட வழிகாட்டி, பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் லீற்றருக்கு 1 முட்டைக்கு மேல் இருத்தலாகாது எனக் கூறியது. அவ்வளவு பெரிய குளம் உங்களிடம் இல்லாதிருக்கலாம். தோட்டத்து மூலையில் ஒரு குழி வெட்டி, நீரை இரண்டு மூன்று நாள் கலக்காது நிறுத்தி, மேல்நீரை மாத்திரம் எடுத்தாலும் கிருமிகள் ஓரளவு குறையும். குழியின் அடிச்சேற்றை மரக்கறிப் பாத்திக்கு இடாதீர்கள்; ஈரமண்ணில் அம்முட்டை ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது.

அந்நீரைப் பூவாளியால் இலைமீது தெளித்தல் ஆகாது. சால் வழியாக வேருக்கு விடுங்கள். கத்தரி, போஞ்சி, சோளம் ஆகியன சமைத்துண்ணப்படுவன. அவற்றுக்கு ஆபத்துக் குறைவு. சலாது, வல்லாரை போன்றவற்றை அந்நீரில் வளர்க்காதிருப்பதே நன்று. வேறு வழியில்லையெனில், அறுவடைக்குச் சில நாள் முன்னரே அந்நீரை நிறுத்திவிடுங்கள். வெயிலில் கிருமிகள் நாளுக்கு நாள் மடியும். வாடிய கீரை சந்தையில் விலைபோகாது என்பீர்கள், அது மெய்தான். அந்தச் சில நாளுக்கு மட்டும் ஊற்றுநீரைக் கொடுங்கள். இவ்வளவும் செய்தபின், பிடுங்கிய கரட்டையும் லீக்ஸையும் அதே வாய்க்காலிற் கழுவிச் சாக்கிற் கட்டுவோரும் உளர். அந்த ஒரு கழுவல் முன்செய்த பாடனைத்தையும் வீணாக்கிவிடும்.

வாய்க்காலில் இறங்கும்போது காலணி அணியுங்கள். கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகும். தோட்டத் தொழிலாளரிடையே அந்நோய் மலிந்திருந்தமையாலேயே, றொக்பெல்லர் மன்றத்தின் ஒழிப்பு முயற்சி 1916 இல் மாத்தளைப் பகுதியில் தொடங்கிற்று.

நெற்செய்கையில் வேறொரு கணக்கு உண்டு. லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன் உள்ள நீரை ஒரு போகத்தில் மொத்தம் 1 மீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சினால், ஏக்கருக்கு ஏறக்குறைய 40 கிலோகிராம் நைதரசன் சேரும். அது 85 கிலோகிராமுக்குக் கூடிய யூரியாவுக்குச் சமம். ஒரு பகுதி காற்றிலும் வடிநீரிலும் போய்விடுமாயினும், கானுக்கு அண்மையிலுள்ள வயலுக்கு வழக்கம்போல் யூரியா இட்டால் பயிர் கரும்பச்சையாய்க் கொழுத்துச் சாயும், எரிபந்தமும் பற்றும். பயிர் நிறத்தைப் பார்த்து, மேலுரத்தைக் குறைத்திடுங்கள். எவ்வளவு குறைப்பதென்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

கழிவுநீரை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. கல்கத்தாவின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேயர் ஈரநிலத்தில், அந்நகரின் கழிவுநீரைக் குளங்களிலே தேக்கி மீனும், அதனையடுத்து நெல்லும் மரக்கறியும் விளைவிக்கின்றனர். ஆங்கும் நீர் முதலிற் குளத்தில் நின்று வெயில் கண்டபின்னரே வயலுக்குச் செல்கின்றது.

வாய்க்கால் நீர் திடீரெனக் கறுத்து நாற்றமெடுத்தால், மடையை அடைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவியுங்கள்.