கடைக் கேமராவும் நஷ்டஈட்டு வழக்கும்



ஈப்போவிலும் சுற்றுப் பட்டணங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருடைய வாசலில் இன்று சி.சி.டி.வி. கேமரா இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து அதை மாட்டினோம். ஆனால் அது எதிரேயுள்ள சாலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒருவர் அடிபட்டால், அவருடைய நஷ்டஈட்டு வழக்குக்கு வேண்டிய ருசு நம் கடைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் காப்பது எப்படி என்பதே இப்பாடம்.

இது யாருக்கு முக்கியம்? சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் தூரத்து வேலைக்குப் போகிறார்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்க, இடித்தவர் தம் பக்கத்துக் கதையைப் போலீசில் எழுதிவைத்துவிடலாம். 1956ஆம் வருடத்துச் சிவில் சட்டப்படி, அடிபட்டவர் பேரிலும் தவறு உண்டென்று கண்டால் அந்த அளவுக்கு நஷ்டஈடு குறைக்கப்படும். பாதித் தவறு என்று தீர்ந்தால் பாதிப் பணம் போயிற்று. கால் இழந்த குடும்பத் தலைவருக்கு இது சின்ன விஷயமா?

கோர்ட்டார் படத்தை ஏற்பார்களா? ஏற்பார்கள். 1950ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்னும் பிரிவு 1993இல் சேர்க்கப்பட்டது. அதன்படி கணினியில் உண்டான பதிவையும் ஆதாரமாகக் கொடுக்கலாம். கருவியை நடத்தும் பொறுப்பிலுள்ளவர், “இது வழக்கமான உபயோகத்தில் உண்டான பதிவு” என்று சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். 1997இல் ஞானசேகரன் வழக்கில், பொறுப்பாளரே நேரில் வந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் இல்லாமலும் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. அது வங்கிக் கணக்கைப் பற்றிய வழக்கு. ஆயினும் விதி ஒன்றே. நம் கடைக் கருவிக்குப் பொறுப்பாளர் யார்? கடைக்காரராகிய நாமே!

1998இல் ஓர் ஒலிநாடா வழக்கில் நீதிபதி அகஸ்டின் பால் சில நிபந்தனைகளைச் சொன்னார். பதிவுக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா, பதிவில் யாரும் கை வைக்கவில்லையா, அதில் கேட்கும் குரல் யாருடையது என்பவற்றைக் காட்ட வேண்டும் என்றார். படத்துக்கும் இத்தகைய கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

படம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2001இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போலீஸ் கார் துரத்தி இடித்ததில் ஒரு வாலிபர் கைகால் செயலிழந்தார். அவர் போட்ட வழக்கு 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. போலீஸ் காரிலிருந்த கேமராவின் படத்தைப் பார்த்து எட்டு நீதிபதிகள் போலீசுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். ஒன்பதாமவரான ஸ்டீவன்ஸ் அதே படத்தைப் பார்த்து மாறான முடிவுக்கு வந்தார். படம் ஒன்று, பார்த்த கண்கள் வேறு! ஆகையால் விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியும், வேறு கோணத்துப் படமும், கண்ணால் கண்டவர் சாட்சியும் கூடவே வேண்டும்.

இனி, நாம் செய்யவேண்டியவை:

1. தாமதம் கூடாது. கருவியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பல கடைகளில் இரண்டொரு வாரமே தாங்கும். அன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள்.

2. விபத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிஷங்களைச் சேர்த்து எடுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்.

3. கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிந்தியிருந்தால், எத்தனை நிமிஷம் என்று குறித்து வையுங்கள்.

4. பிரதி எடுத்தவர் யார், எந்த நாள், யாரிடம் கொடுத்தார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அங்கே படம் சுருங்கித் தெளிவு குறையும். அடிபட்டவரின் மானமும் சந்திக்கு வரும். போலீசாரிடமோ வக்கீலிடமோ கொடுங்கள்.

காலக்கணக்கையும் நினைவில் வையுங்கள். விபத்தில் சிக்கிய வாகனமோட்டி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் எழுத வேண்டும். காயத்துக்கு வழக்குப் போட 6 வருடமும், மரணமானால் 3 வருடமும், அரசாங்கத்தின்மேல் என்றால் 36 மாதமும் தவணை உண்டு. சட்டம் வருடக்கணக்கில் காத்திருக்கும். நம் கடைக் கருவியோ இரண்டு வாரம்கூடக் காத்திராது.

“கோர்ட்டுக்கு அலைய யாரால் ஆகும்?” என்று சிலர் படத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு நாள் கடையை மூடினால் நமக்கு ஒரு நாள் வியாபாரம்தான் நஷ்டம். நாம் போகாவிட்டால் அடிபட்டவருக்கு ஆயுளுக்கும் நஷ்டம். படம் சகாயமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், உள்ளதை உள்ளபடி கொடுப்பதே சாட்சியம். அதில் நாம் பின்வாங்கலாகாது.